அடி அடுக்கு

லாயாங் லாயாங் என்ற சிற்றூரில் ரயில் பாதையை ஒட்டியிருந்த அந்தப் பழைய வீட்டுக்கு ஷாமளா வந்து சேர்ந்தபோது மதியமே இருட்டிக்கொண்டு மழை பிடித்துவிட்டது. அவளோடு வேலை பார்த்த லக்ஷ்மன் எழுதிவிட்டுப் போன கணினி நிரல் மாற்றத்தை அவனுடைய கணினியிலேயே ஓட்டிப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்த்தே தீர வேண்டும் என்பது அவர்கள் அலுவலக வழக்கம். எழுதியவன் செத்துப்போனாலும் அதில் மாற்றமில்லை.

அவன் மனைவி கோமளா கோப்பியை வைத்துவிட்டு நகராமல் நின்றாள்.

"அதுல அவரு போன்ல பேசிப் பதிஞ்சது ஒண்ணு இருக்கு ஷாமளா. அவரு குரல்னு எனக்கு அது மட்டுந்தான். அழிஞ்சிடாதுல்ல?"

"அழியாது லா அக்கா."

கோப்புகள் இரண்டு அடுக்காக இருக்கின்றன என்று ஷாமளா விளக்கினாள். அடி அடுக்கில் இருப்பது அசல். அதில் யாராலும் எழுத முடியாது. திருத்தப் போனால் மேலடுக்குக்கு ஒரு நகல் வரும், திருத்தம் அதில்தான் விழும். லக்ஷ்மன் செய்த மாற்றம், கோப்பு முழுவதையும் மறுபடி எழுதாமல், அசலின் தரவையே பகிர்ந்துகொண்டு, நொடியில் நகல் எடுத்துவிடும்.

சோதிக்கப் பெரிய கோப்பு ஒன்று வேண்டியிருந்தது. புத்தி கெட்டுப்போய் அந்தக் குரல் பதிவையே எடுத்தாள். அசல் கீழே பத்திரமாக இருக்கிறதே என்ற தைரியம். நகலின் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டு அசலைப் பார்த்தாள்.

அசல் முன்பைவிட நீண்டிருந்தது.

நிரலில் பிழை என்றால் குறைந்திருக்கலாம். நீள வழியே இல்லை. பதிவை ஓட விட்டாள். லக்ஷ்மன் சந்தையில் மீன் வாங்குவதைப் பற்றி ஏதோ சொல்லி முடித்தான். பிறகு மழைச் சத்தம். அதற்குள்ளிருந்து அவளுடைய குரலே கேட்டது.

"அழியாது லா அக்கா."

அந்தக் கணினியில் மைக்கே இல்லை.

ஒரு மூச்சு. மிக அருகில்.

பிறகு நாற்காலி விழும் சத்தம். ஓடும் காலடி. கார் கிளம்பும் உறுமல்.

அவள் இன்னும் உட்கார்ந்துதான் இருந்தாள்.

லக்ஷ்மன் பூசும் சென்ட்டு வாசம் அறையில் மெல்ல ஏறியது. பதறி எழுந்ததில் நாற்காலி சாய்ந்து விழுந்தது. ஷாமளா கோமளாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வாங்கக்கா, போயிடலாம்."

கோமளா கையை விடுவித்துக்கொண்டாள். அவள் முகத்தில் பயமே இல்லை. அதைப் பார்த்த பிறகு ஷாமளாவால் அங்கே நிற்க முடியவில்லை, ஓடினாள்.

காரைக் கிளப்பியபோது, மழையையும் மீறி, வீட்டுக்குள் கோமளா யாரிடமோ கொஞ்சலாகப் பேசுவது கேட்டது.

"ஏங்க இப்படி நனைஞ்சு வந்திருக்கீங்க? சோறு போடவா?"