மூக்குக் கவ்வி

காலையில் வார்டுக் கதவைத் திறந்ததும் என் முதல் வேலை மூக்குகளைப் பார்ப்பதுதான். நோயாளியோ, உறவினரோ, தரை துடைக்க வருபவரோ, உள்ளே வந்தால் மூக்குக் கவ்வி மாட்டியிருக்க வேண்டும். தலையில் பூ கூடாது, ஊதுபத்தி கூடவே கூடாது. டாக்டர் இனியன்கூட வாசலில் நின்று கவ்வியை மாட்டிக்கொண்டுதான் வருவார். எனக்கு மட்டும் அது வேண்டியதில்லை. சிறு வயதுக் காய்ச்சலில் என் மூக்கு செத்துப்போனது. ஒன்றுக்கும் உதவாத அந்த மூக்குக்காகத்தான் இந்த வேலையே கிடைத்தது.

நுண்ணுயிர்க்கொல்லிகள் ஒவ்வொன்றாகக் கைவிட்ட பிறகு, ஒரு தகரக் கீறல் போதும், ஆளைக் கொண்டுபோக. இந்த ஏற்காட்டில் மேசை முனைகளுக்கெல்லாம் ரப்பர் உறை, அரிவாளுக்கு லைசென்ஸ். ஆஸ்பத்திரியில் கொடுக்க மருந்து இல்லாததால், மலைக்காரர்கள் புண்ணுக்குப் போட்டுவந்த தைலங்களை ஒவ்வொன்றாகச் சோதிக்கிறோம். இப்போது கரும்புல் தைலம். பாதிப் பேருக்கு அசல். மீதிப் பேருக்குப் பொய்த்தைலம், அதாவது தேங்காயெண்ணெயில் தொழிற்சாலை வாசனையைக் கலந்தது. யாருக்கு எது என்பது கணினியின் பூட்டுக்குள் இருக்கும், டாக்டருக்கும் தெரியாது. காயம்பட்டவர் யாரும் சோதனைக்கு வெளியே வைத்தியம் பெறக் கூடாது என்பது சட்டம். இரண்டு தைலமும் பார்க்க ஒன்றுபோல் இருக்கும். வாசனை மட்டும் முழுக்க ஒத்துப்போகவில்லை. அதற்காகத்தான் கவ்வி.

நல்லம்மா குதிகாலைத் தகரத்தில் கிழித்துக்கொண்டு வந்தாள். கூடவே அவள் கணவர் செங்கோடன், மலையடிவாரத்தில் யூகலிப்டஸ் தைலம் காய்ச்சுகிறவர். கவ்வியைக் கொடுத்ததும் அதை விரலில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இவரு மூக்கைக் கட்டறதும் ஒண்ணு, கையைக் கட்டறதும் ஒண்ணு சிஸ்டர்," என்றாள் நல்லம்மா. "பொண்ணு பாக்க வந்தப்பவே, எங்கம்மா ரசத்துல மிளகு பழசுன்னு சொன்ன மனுசன்."

"சொன்னது நெசந்தானே?" என்றார் அவர்.

அடுத்த கட்டிலில் ஷமீலா, முழங்கையில் வெட்டுக்காயம். அவரவர் தலைமாட்டுப் பெட்டியில் அவரவர் தைலப் புட்டி. எண் பெட்டியில்தான் இருக்கும், புட்டியில் இருக்காது. இதை வைத்து ஒருநாள் வம்பு வரும் என்று நான் முன்பே கத்தியிருக்கிறேன். யார் கேட்டார்கள்?

சில நாட்களில் ஷமீலாவின் புண்ணில் புதுத் தோல் ஏறியது. அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். நல்லம்மாவின் குதிகாலோ கருத்தது. வீக்கம் முழங்கால்வரை ஏறியது. கட்டு மாற்றும்போது காய்ச்சலை ஒருமுறைக்கு இருமுறை பார்த்தேன். செங்கோடன் மட்டும் தெம்பாக இருந்தார்.

"பயப்படாதீங்க சிஸ்டர். பொங்கித்தான் வத்தும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "நல்ல தைலம் இவளுக்குத்தான் போவுது. வந்த அன்னைக்கே கவ்வியைக் கழட்டிட்டு ரெண்டு புட்டியையும் மோந்து பாத்தேன். அந்தப் பொண்ணோடது கமகமன்னு இருந்துச்சு. இவளோடதுல வாசமே இல்ல. மாத்தி வெச்சுட்டேன். தப்புதானுங்க. ஆனா வாசம்தான் சத்து. காலம் பூரா கொப்பரை முன்னால நின்னவன், எனக்குத் தெரியாதா?"

எனக்கு வந்த கோபத்தில் அவரை அறைந்திருப்பேன். நேரே டாக்டரிடம் ஓடினேன்.

டாக்டர் மேலிடத்தில் அனுமதி வாங்கிப் பூட்டைத் திறந்தார். திரையைப் பார்த்தவர் உட்கார்ந்துவிட்டார். அசல் நல்லம்மாவுக்குத்தான் ஒதுக்கப்பட்டிருந்தது. கரும்புல்லில் புண்ணை ஆற்றும் சத்துக்கு வாசனை கிடையாதாம். வாசனைச் சரக்கு காய்ச்சும்போதே பாதி போய்விடுமாம். பொய்த்தைலத்தில் தொழிற்சாலைக்காரன் வாசனையைத் தாராளமாக ஊற்றியிருக்கிறான்.

"அப்ப ஷமீலாவுக்கு ஆறினது?"

"இவங்களுக்கு ஆறியிருக்க வேண்டியது, சிஸ்டர்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அசலைப் போடுங்க. ஆனா விஷம் ரத்தத்துல கலந்தாச்சு. இனிமே கேக்காது. அவருகிட்ட எதுவும் சொல்லாதீங்க, தாங்க மாட்டாரு."

ஷமீலாவின் பெட்டியில் மிச்சமிருந்த புட்டியை எடுத்துவந்து, செங்கோடன் டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில் புதுக் கட்டுப் போட்டேன். நல்லம்மா பாதி மயக்கத்தில் இருந்தாள்.

சாயங்காலம் செங்கோடன் நல்லம்மாவின் கட்டிலருகே என்னை மறித்தார். "டாக்டர்கிட்டச் சொல்லிட்டீங்களா?"

"சொன்னேன். ரெண்டுமே பொய்த்தைலம்தானாம். ஷமீலா சின்ன வயசு, உடம்பு தானா ஆத்திக்கிச்சு. நீங்க மாத்தினதால ஒண்ணும் கெட்டுப்போகல."

வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த பொய். தடுமாறாமல்தான் சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கவ்வியைக் கழற்றினார். அதற்காக எத்தனையோ பேரை வாசலோடு விரட்டிய நான், தடுக்கவில்லை. அவர் கட்டிலின் கால்மாட்டில் குனிந்து, நல்லம்மாவின் காலில் இருந்த கட்டை முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார்.

"புட்டியை மாத்திட்டீங்க," என்றார். "இது இவளோட பழைய தைலம். பொய்யின்னா எதுக்குத் திரும்பப் போட்டீங்க?"

இதற்கு ஒரு பொய் நான் தயார் செய்திருக்கவில்லை.

நல்லம்மா கண்ணைத் திறக்காமலே கேட்டாள். "என்ன அங்க ரெண்டு பேரும் முணுமுணுன்னு?"

"ஒண்ணுமில்ல," என்றார் அவர். "நல்ல தைலம் போட்டிருக்காங்க. தூங்கு."

"அதான் மொத நாளே சொன்னீங்களே," என்றாள் நல்லம்மா. "உங்க மூக்கு என்னைக்குத் தப்பியிருக்கு?"

அவர் கவ்வியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.