கவிஞர் பிறந்த கட்டில்

“அந்தக் கட்டில்லயா படுத்தே? அப்ப நம்ம பிள்ளை வரும்போதே கவிதை சொல்லிக்கிட்டுதான் வரும், பாரு.”

லாரி ஓட்டும் கணவன், எங்கோ தொலைவில் சாலையோரத்திலிருந்து போனில் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நிறைமாதம். கவிஞர் பிறந்து இப்போது நினைவில்லமாகிவிட்ட அந்தப் பழைய வீட்டைத் திறந்து, பெருக்கி, பூட்டுவது அவள் வேலை. மழைக்காலத்தில் பார்க்க வருபவர் ஒருவரும் இல்லை. நேற்று மதியம் இடுப்பு கழன்றுவிடுவதுபோல் வலிக்க, பிரசவ அறை வாசலின் குறுக்குக் கயிற்றைக் கழற்றிவிட்டு, யாரும் தொடக்கூடாத கட்டிலில் கண்ணயர்ந்துவிட்டாள். எழுந்ததும் விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டுத்தான் போனாள்.

காலையில் வந்து பார்த்தால் விரிப்பில் ஒரு பள்ளம்.

“பூனையா இருக்கும். பேசாம லீவு போட்டுட்டு உங்க அம்மா வீட்டுக்குப் போயேன்” என்றான். மாற்று ஆள் வராமல் எப்படிப் போவது என்று அவள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே லைன் அறுந்தது.

பூனை அவ்வளவு நீளம் இருக்காது என்று அவள் சொல்லவில்லை. பள்ளம் சுவரை ஒட்டி இருந்ததையும், பக்கத்தில் இன்னொருவர் படுக்க இடம் விட்டு யாரோ ஒதுங்கிப் படுத்ததுபோல் இருந்ததையும் சொல்லவில்லை.

சாயங்காலம்வரை அந்தப் பக்கமே போகாமல் கூடத்து ஸ்டூலில் உட்கார்ந்து, ஓட்டு விளிம்பிலிருந்து நீர் சொட்டுவதையும், ஈரத்தில் ஊறிய உத்திரங்கள் முனகுவதையும், இடையிடையே வயிற்றுக்குள் பிள்ளை உதைப்பதையும் கேட்டபடி இருந்தாள். அந்த வீட்டில் அவளுக்குத் துணை அந்த உதை ஒன்றுதான். பூட்டப் போகும் நேரத்தில் பிரசவ அறை ஜன்னல் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டது. அப்படியே விட்டால் விடிவதற்குள் கட்டில் நனைந்துவிடும், வேலையும் போய்விடும்.

கயிற்றைக் கழற்றி உள்ளே போனாள். நனைந்த மரத்தின் வாசனை. அதற்கும் அடியில் வெந்நீரும் ரத்தமும் கலந்ததுபோல் இன்னொரு வாசனை. ஜன்னலைச் சாத்தியதும் அறை இருண்டது. சுவரில் அவள் தினமும் துடைக்கும் பலகை. எழுத்து தெரியவில்லை, தெரியவும் வேண்டாம், மனப்பாடம். கவிஞரைப் பெற்ற மறுகணமே தாய் இறந்துபோனார். மகன் முகத்தை அவர் பார்க்கவில்லை.

முதுகுக்குப் பின்னால் கயிற்றின் கொக்கி வளையத்தில் மாட்டிக்கொள்ளும் சத்தம்.

அவள் திரும்பவில்லை.

கட்டில் கிறீச்சிட்டது. மெதுவாக. யாரோ இன்னும் கொஞ்சம் ஒதுங்கி இடம் விடுவதுபோல்.

பிள்ளை உதைப்பதை நிறுத்தியது. இரண்டு கைகளாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டாள். அந்தக் கைகளின் மேல் இன்னொரு கை. ஈரமாக. சில்லென்று. விரல்கள் தடவித் தடவி எதையோ தேடின. ஒரு தலையின் வடிவம்.

காதோரம் மூச்சில்லாத குரல். அதட்டவில்லை. கெஞ்சியது.

“நான் பார்க்கவே இல்லம்மா. ஒரே ஒரு தடவை எனக்குக் காட்டு.”