எடுக்கக் கூடாத கை

பங்காருபேட்டையில் ரயில் மாறி, மதியம் இரண்டு மணிக்குத் தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலில் வந்து இறங்கினாள் சிறுநீரக டாக்டர் எலைன். சின்ன ஸ்கேன் கருவியை வார்டு வார்டாகக் கொண்டுபோய், கட்டிலருகிலேயே வைத்துப் பார்ப்பது எப்படி என்று சொல்லிக்கொடுப்பது அவள் வேலை. அன்றைக்குச் சுரங்க ஆஸ்பத்திரியின் பழைய ஆண்கள் வார்டு. சுரங்கம் மூடியதிலிருந்து பூட்டிக் கிடந்ததை, போன மாதம்தான் வெள்ளையடித்துத் திறந்திருந்தார்கள்.

நோயாளிகள் இன்னும் வரவில்லை. பாடத்துக்கு ஓர் உடம்பு வேண்டுமே என்று அட்டெண்டர் டென்சில் தானாகச் சட்டையைக் கழற்றிப் படுத்தான்.

“ரெண்டு கிட்னியும் கீதான்னு பாருங்க மேடம். வித்துக் குடிச்சுட்டேன்னு எம் பொண்டாட்டி சந்தேகப்படுறா.”

“வாய மூடிக்கினு படு. வயிறு ஆடுது,” என்றார் ஹெட் நர்ஸ் சரோஜம்மா.

எலைன் ஜெல் தடவி, வலது விலாவுக்குக் கீழே கருவியை அழுத்தினாள். பக்கத்தில் நின்ற இளம் டாக்டர் ரவிகுமாருக்குத் திரையைக் காட்டினாள்.

“இது கல்லீரல். இது கிட்னி. நடுவுல கருப்பா தெரிஞ்சா உள்ளே ரத்தம்னு அர்த்தம். இவருக்கு இல்ல, பாருங்க.”

“இருக்கே மேடம்.”

இருந்தது.

நூலளவு கருப்பு விரலளவாயிற்று. ஈரப் பாறையின் வாடையும் வெடிமருந்தின் காரமும் வார்டை நிறைத்தன. மேலே எதுவும் இல்லாமலே டென்சிலின் தொடை பலகைபோல் நசுங்கியது. எலும்பு நெரிந்தது. முழங்காலில் தோல் வெடித்து, புதுச் சுண்ணாம்புச் சுவரில் ரத்தம் அடித்தது.

எலைன் பதறிக் கையை எடுத்தாள்.

“பல்ஸ் இல்ல,” என்றான் ரவிகுமார்.

அதே இடத்தில் மறுபடி அழுத்தினாள். நாடி வந்தது.

டென்சிலின் உதடுகள் அசைந்தன. குரல் அவனுடையதில்லை. தூசி அடைத்த கிழட்டுக் குரல்.

“கையை எடுக்காதம்மா. கல்லு எம்மேல இருந்த வரிக்கும் பேசிக்கினுதான் இருந்தேன். தூக்குனாங்க. அவ்ளோதான்.”

எலைனுக்குப் புரிந்தது. நசுங்கிய சதையின் விஷம், பாறையைத் தூக்கியதும் ரத்தத்தில் பாயும். கிட்னி சாகும், இதயம் நிற்கும். தூக்குவதற்கு முன்பே சலைன் ஏற்றியிருக்க வேண்டும். பேசுகிற இந்தச் சுரங்கத் தொழிலாளிக்கு அன்றைக்கு யாரும் ஏற்றவில்லை. இப்போது அந்தப் பாறையின் இடத்தில் அவள் கை.

“சரோஜம்மா, ரெண்டு கையிலயும் சலைன் போடுங்க.”

“யாருக்கு டாக்டரம்மா?”

“ரெண்டு பேருக்கும்.”

டென்சிலின் தொடையை ரவிகுமார் இறுக்கிக் கட்டினான். ஒரு மணி நேரம் எலைன் அழுத்தியபடியே நின்றாள். தோள் மரத்தது. கட்டிலிலிருந்து சொட்டிய ரத்தம் அவள் செருப்புக்கடியில் பிசுபிசுத்தது. நாலாவது பாட்டில் முடிந்ததும் மெல்ல, மிக மெல்லக் கையை எடுத்தாள்.

நாடி நிற்கவில்லை.

“கால் வலிக்குது மேடம்,” என்றான் டென்சில், தன் சொந்தக் குரலில்.

எலைனுக்கு அழுகை வந்தது. அப்போது அதே வாயிலிருந்து அந்த இன்னொரு குரல், சாவதானமாக:

“நல்லா பண்ணீங்கம்மா. அன்னிக்கு கேஜு லிஃப்டுல நாங்க ஏழு பேரு சுரங்கத்துக்குள்ள எறங்கினோம்.”

அவள் முதுகுக்குப் பின்னால் எலும்பு நெரிந்தது.

ரவிகுமார் கத்தக்கூட இல்லை, விழுந்தான். அவனைத் தாங்கப் போன சரோஜம்மாவின் இடுப்பு, நின்ற நிலையிலேயே மடங்கியது.

எலைன் இரண்டு பேருக்கும் நடுவில் மண்டியிட்டு, ஆளுக்கொரு கையை வைத்து அழுத்தினாள். சலைன் பாட்டில்கள் அலமாரியில் இருந்தன, எட்டாத தூரத்தில்.

வராந்தாவில் நாலாவது ஆள் விழுந்த சத்தம் கேட்டது.