ஊரெல்லாம் தெல்பின்

காலைச் சங்கு ஊதியதும் சகாயராணி தெருமுனைப் படலக்கூடத்துக்குப் போய் மற்றப் பெண்களோடு வரிசையில் நின்றாள். முதலில் மூச்சுக்குழல். அதை வாயில் கவ்வி, ஈரப்புகையை நெஞ்சு நிறைய இழுத்து, சற்று அடக்கி விடவேண்டும். பிறகு உள்ளறையில் உடுப்பைக் களைந்து நின்றால் அதே புகை மேலெல்லாம் தூறலாக இறங்கும். துடைக்கக் கூடாது, தானாகத்தான் காய வேண்டும். நிறைமாதத்தை நெருங்கிய வயிறு என்பதால் அவளுக்கு மட்டும் உட்கார ஒரு முக்காலி போட்டிருந்தார்கள்.

வெளியே வந்த எல்லாப் பெண்கள் மேலும் ஒரே வாசம் இருந்தது. கஞ்சி வடித்த பானையும் வெயிலில் காய்ந்த துணியும் சேர்ந்தாற்போல ஒரு வாசம். தூத்துக்குடிக்காரர்களைக் கேட்டால் அப்படி எதுவும் இல்லை என்பார்கள். தினமும் பூசிக்கொள்வது எந்த மூக்குக்குத்தான் தெரியும்? சகாயராணி திண்டுக்கல்லிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள், அதனால் அவளுக்குத் தெரிந்தது. அவள் கணவன் லியோனுக்கும் தெரிந்தது. அதுதான் வினை.

இந்தப் படலம் என்னவென்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நம் நுரையீரல் அணுக்களிலும் தோல் அணுக்களிலும் கண்ணுக்குத் தெரியாத சிறு பைகள் உண்டு. உள்ளே கொழுப்பு ஏடு ஏடாக மடிந்திருப்பதால் ஏட்டுப்பை என்று பெயர். நுரையீரலில் அந்தப் பை வாய் திறந்தால் காற்றறைகளின் உட்சுவரில் மெல்லிய படலம் பரவும். மூச்சு வெளியே போனபிறகும் அந்த அறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் இருப்பது அதன் புண்ணியம். தோலிலோ அதே மாதிரிப் பை அணுக்களின் இடுக்கில் கொழுப்பைச் சாந்தாகப் பூசி, உடம்பின் தண்ணீர் வெளியே போகாமல் காக்கும்.

சாம்பல் காற்று வந்தபோது முதலில் கெட்டவை இந்தப் பைகள்தான். ஜனங்கள் மூச்சுத் திணறியும் தோல் வெடித்தும் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். லட்சத்தில் ஒருவருக்கு மட்டும் பைகள் கெடவில்லை. அவருக்குப் பூச்சு தேவையில்லை, சொந்த வாசத்தோடே இருப்பார். அப்படிப்பட்டவர் இறந்தால் ஆஸ்பத்திரியில் அவருடைய அணுக்களை எடுத்து, தொட்டிகளில் வளர்த்து, அவை சுரப்பதை ஊருக்குக் கொடுக்க ஆரம்பித்தார்கள். அவருக்கு மூலர் என்று பெயர். இரண்டு மூலர்களின் படலம் ஒன்றாகச் சேராது, பால் திரிவதுபோலத் திரிந்துவிடும். ஆகவே ஊருக்கு ஒரு மூலர். தொட்டி வயதாகித் தளர்ந்தால் வேறொருவரை வைப்பார்கள். அவர் யார் என்று வெளியே சொல்வதில்லை, பெற்றவர்களுக்குக்கூட.

கல்யாணமாகி ஊர் மாறும் பெண்ணுக்குப் படலமும் மாறும். பழையது விலகிப் புதியது பிடிக்கும்வரை இருமல், எரிச்சல், தோல் உரிதல் எல்லாம் உண்டு. சகாயராணியும் அந்த வாரங்களை வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு கழித்தாள். லியோன் கடல்நீர் ஆலையில் மெக்கானிக். கஞ்சி வைத்துக் கொடுப்பான், வெந்நீர் போடுவான், ராத்திரி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான். முதல் மனைவி தெல்பினைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவன், ஆறட்டும் என்று அவளும் பேசாமல் இருந்தாள். புதுப் படலம் நன்றாகப் பிடித்துக்கொண்ட பிறகு ஒருநாள் அவன் அவள் பக்கம் திரும்பினான். கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விடியும்வரை அப்படியே கிடந்தான். கடைசியில் மனுஷனுக்கு நம்மைப் பிடித்துவிட்டது என்று அவளுக்கு அப்படியொரு பூரிப்பு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள், பாவம்.

அப்புறம்தான் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. வீட்டில் பைக் இருக்க, நெரிசல் பஸ்ஸில் போனான். மீன்கடையில் வாங்க ஒன்றுமில்லாமல் கூட்டத்தில் நின்றான். பெண் சகவாசம் என்று சந்தேகப்பட்டு ஒருநாள் அதே பஸ்ஸில் அவனுக்குத் தெரியாமல் ஏறினாள். அவன் ஒரு பல்லுப்போன கிழவரின் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தான். கண்ணை மூடிக்கொண்டு, மெதுவாக மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தான். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. சகாயராணி அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வீட்டுக்கு நடந்தே வந்தாள்.

சாயங்காலம் கேட்டாள். அவன் மறைக்கவில்லை.

"தெல்பின் போயி ஒரு வருஷம் இருக்கும். அப்பத்தான் பழைய தொட்டி தீந்து புதுப் படலம் குடுத்தாவ. மறுநாள் வேலைக்குன்னு பஸ்ல ஏறுனேன். பஸ் முழுக்க அவ நிக்கா, ராணி."

யாரும் அவனிடம் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் கேட்கவும் அவனுக்குத் துணிவில்லை, இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? பூச்சில்லாமல் அவனோடு வாழ்ந்தவள் தெல்பின், மூக்குதான் சாட்சி. அவள் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க யாருமில்லை, ஆனால் ஊரெல்லாம் அவள்தான் நடமாடுகிறாள் என்றான். கண்டக்டர் மேலும் பாதிரியார் மேலும் அவள். சகாயராணி தன் முழங்கையை முகர்ந்து பார்த்தாள். அங்கேயும் அவள்தான்.

"அப்ப நான் வந்த புதுசுல என் மேல இருந்துச்சே, அந்த வாசம்?" என்று கேட்டாள்.

"அதுவும் நீ இல்லயே," என்றான் லியோன். "யாரோ செத்துப்போன திண்டுக்கல்காரங்க."

உண்மைதானே. பிறந்த அன்றே பூச்சுக்குள் போனவள் அவள். தன் சொந்த வாசம் எது என்று அவளுக்கே தெரியாது. பெற்ற தாய்க்கும் தெரியாது. அவ்வளவு பேர் நடுவில் தான் மட்டும் இல்லை என்று தோன்றியது. அன்றுமுதல் காலையில் அந்தத் தூறலுக்குக் கீழே நிற்கும்போதெல்லாம் கண்ணில் பாராத அந்தப் பெண்ணை வெறுத்தாள். கணவன் தொட்டால் உடம்பு கூசியது.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போகலாம் என்றால் அந்த வழக்கம் எப்போதோ ஒழிந்துவிட்டது. கர்ப்பிணி படலம் மாறினால் உயிருக்கே ஆபத்து. ஆக, குழந்தையும் இங்கேதான் பிறக்கும், தெல்பினின் வாசத்தில்தான் வளரும். அவன் பிள்ளையையும் அப்படித்தான் முகர்வான். இதை நினைத்து நினைத்து அவள் சோறு இறங்காமல் கிடந்தாள்.

மாதாந்தப் பரிசோதனையில் நர்ஸ் ஸ்டெல்லா கர்ப்பிணிகளுக்கு எப்போதும் சொல்வதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். சாம்பல் காற்று படாதவரை சிசுவின் ஏட்டுப்பைகள் நன்றாகவே இருக்கும். கடைசி மாதங்களில் அதன் நுரையீரல் படலத்தைச் சுரந்து பனிக்குட நீரில் விடும். அது பட்டுத்தான் தோல்மேல் அப்பியிருக்கும் வெள்ளை மாவு இளகத் தொடங்கும். பிள்ளை தன் சொந்தப் பூச்சோடுதான் பிறக்கிறது, ஆனால் நம் காற்றில் அது தாங்காது, அதனால் உடனே முதல் பூச்சு கொடுத்துவிடுகிறோம் என்றாள்.

சகாயராணி அதை இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள். பூச்சுக்கு முன் குழந்தை மேல் இறந்தவர் யாருமில்லை. அதில் பாதி அவள். ஒரே ஒரு தடவை, ஒரு நிமிஷமாவது, தன் புருஷன் தன்னை முகர்ந்து பார்க்கவேண்டும். அதற்குமேல் அவளுக்கு ஆசையில்லை.

பெண் குழந்தை. உச்சிவெயிலில் பிறந்தது. உரக்க அழுதது. தொப்புள்கொடியை வெட்டியதும் சகாயராணி ஸ்டெல்லாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பூச்சுக்கு முன்னால் அவரைக் கூப்பிட்டுக் கையில் கொடுக்கவேண்டும் என்று கெஞ்சினாள். அது முறையில்லை என்று ஸ்டெல்லா தயங்கினாள், பிறகு அவள் முகத்தைப் பார்த்து மனமிளகி லியோனை உள்ளே விட்டாள்.

அவன் பிள்ளையை இரு கையாலும் வாங்கினான். பழக்கதோஷம், குனிந்தான். உச்சந்தலையை முகர்ந்தான். காதோரம், கழுத்து மடிப்பு என்று அவன் மூக்கு எதையோ தேடிக்கொண்டே போனது. பிறகு தேடுவதை நிறுத்தினான். தலையைத் தூக்கியபோது அவன் முகம் வழி தப்பியவன் முகம்போல இருந்தது.

"இது யாரு?" என்றான்.

"நான்தான்," என்றாள் சகாயராணி. "பாதி நீங்க, பாதி நான். வேற யாருமில்ல."

அவன் மறுபடி குனிந்தான். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. முகர்ந்துகொண்டே அவளைப் பார்த்தான். கல்யாணமானதிலிருந்து அவன் அப்படிப் பார்த்ததில்லை. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, வலியெல்லாம் மறந்துபோனது.

ஸ்டெல்லா கையை நீட்டினாள். லியோன் கொடுக்கவில்லை. கொஞ்சம் பொறுங்க சிஸ்டர் என்றான். அவள் மறுபடி கேட்டாள். அவன் பிள்ளையை மார்போடு அணைத்துத் தோளைத் திருப்பிக்கொண்டான். குழந்தையின் அழுகை அதற்குள் முனகலாகத் தேய்ந்திருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. உதட்டோரம் நீலம் பாரித்தது.

அதை முதலில் பார்த்தது சகாயராணிதான். இன்னும் கொஞ்சநேரம் அவன் அப்படியே நிற்கமாட்டானா என்று ஒரு கணம் நினைத்தாள். நினைத்ததே அவளுக்குத் திகிலாகிவிட்டது.

"குடுத்திருங்க," என்றாள்.

"குடுத்தா இவ போயிருவா. திரும்ப வரமாட்டா."

"தெரியும். குடுங்க."

ஸ்டெல்லா பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு ஓடினாள். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் சின்னக் குழல் ஒன்று குழந்தையின் மூக்கருகே புகை விட்டது. பிறகு தூறல் இறங்கியது. லியோன் ஜன்னலோரம் போய்த் திரும்பி நின்றுகொண்டான். உள்ளங்கைகளில் ஒட்டியிருந்த வெள்ளை மாவை முகத்தில் வைத்துக்கொண்டு தோள் குலுங்க அழுதான். இனி அவன் பஸ்ஸில் இரண்டு பேரைத் தேடுவான், ஒருத்தி எங்கேயும் இருக்கமாட்டாள்.

குழந்தையைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் படுக்கவைத்தார்கள். உதடு சிவந்திருந்தது. விலா அமைதியாக ஏறி இறங்கியது. சகாயராணி அதன் கழுத்தில் மூக்கை வைத்தாள். எதிர்பார்த்ததுதான். கஞ்சியும் வெயிலும் கலந்த அந்த வாசம், பிள்ளையின் ஒவ்வொரு மூச்சையும் ஏந்திக்கொண்டு வந்தது. அதோடு பேசவேண்டும் என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. இப்போது கணவனுக்குக் கேட்காத குரலில், தன் பிள்ளைக்குள் இருந்த அந்தப் பெண்ணிடம் பேசினாள்.

"அக்கா," என்றாள். "இவள விட்டுறாதீங்க."