ரைட்டுல ஒடிச்சுப் பிடி!

"ரைட்டுல ஒடி... இன்னும் ஒடி... அப்படியே பிடிச்சுக்கோ!"

காருக்கு அடியிலிருந்து கணவரின் குரல் வந்தது.

டிரைவர் சீட்டில் இருந்த அவள் ஸ்டீயரிங்கைக் கடைசிவரை திருப்பிப் பிடித்தாள்.

பானெட் திறந்திருந்தது. இன்ஜின் உறுமியது. முன் சக்கரங்கள் அந்தரத்தில்...

தாங்கி நின்றது ஒரே ஒரு ஜாக்கி!

"பிடிச்சிருக்கேங்க. போதுமா?"

பதிலுக்கு ஒரு சத்தம்.

'டொம்ம்!'

கார் சட்டென்று இறங்கியது.

"என்னங்க..?"

ஸ்டீயரிங்கை விட்டாள்.

"என்னங்க!"

கதவைத் தள்ளிக்கொண்டு இறங்கினாள். பம்பருக்குக் கீழே இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. ஒன்றில் செருப்பு இல்லை.

அவள் போட்ட அலறலில் எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்துகொண்டன.

* * *

"நான்தான் கொன்னேன் சார்."

உடலை எடுத்துப்போய் இருபது நிமிடம் ஆகியிருந்தது. ஷெட்டின் ஓரத்தில், கவிழ்த்துப் போட்ட பக்கெட்டின் மேல் அவள் உட்கார்ந்திருந்தாள். இன்ஸ்பெக்டர் எதிரே நோட்டோடு நின்றார்.

"நிதானமா சொல்லுங்கம்மா. அவர் எதுக்கு அடியில போனார்?"

"பவர் ஸ்டீயரிங்குக்கு ஆயில் போற ஹோஸ் விரிசல் விட்டிருந்தது. காலைல நான் வேலைக்குப் போனதும், தானே புதுசு மாத்திட்டதா சொன்னார். மதியம் நான் வந்ததும் ஆயிலை ஊத்தி, என்னை லெஃப்டும் ரைட்டுமா திருப்பச் சொன்னார். உள்ள மாட்டின காத்து வெளிய போகணுமாம். அதுவரைக்கும் பானெட் பக்கத்துலதான் நின்னார்..."

"அப்புறம்?"

"போன் வந்தது. பேசிட்டு அடியில போனார். நான் திருப்பினேன்..."

அவள் விரல்கள் ஸ்டீயரிங்கைப் பிடித்த வாக்கிலேயே மடங்கியிருந்தன.

"போன் பண்ணது நான்தான் சார்!"

வாசலில் கொழுந்தன். கார் மெக்கானிக். இரண்டு தெரு தள்ளிப் பட்டறை. கண்கள் சிவந்திருந்தன.

"ஜாக்கிக்குத் துணையா ஸ்டாண்ட் வைக்காம அடியில போகாதேடான்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். கேட்டாத்தானே!"

"ஜாக்கி யாருது?"

"என்னோடதுதான். நேத்து இரவல் வாங்கிட்டு வந்தான். நான் இந்தப் பக்கம் வந்து பத்து நாளாச்சு சார். இல்லேன்னா ஏதோ வீடியோவைப் பார்த்து வண்டியைப் பிரிக்க விட்டிருப்பேனா?"

"கவனக்குறைவு... விபத்து..." இன்ஸ்பெக்டர் எழுதினார்.

கொழுந்தனின் தோள்கள் லேசாகத் தளர்ந்தன.

அவள் அதைப் பார்த்தாள்.

படிச்சுப் படிச்சுச் சொன்னானா?

'ஒழுகுதான்னு அடியில போய்ப் பார்க்கணுமா? அவளை ரைட்டுல ஒடிச்சுப் பிடிக்கச் சொல்லவா? சரிடா...' என்றல்லவா கணவர் போனில் பேசினார்!

அது மட்டுமா? சுவரில் ஓர் ஆணியை நேராக அடிக்கத் தெரியாத மனுஷர். அந்த ஹோஸை அவ்வளவு சுத்தமாக மாட்டியது யார்?

அவள் மெல்ல எழுந்தாள்.

"விடுங்க தம்பி. உங்க அண்ணனுக்கு என்ன வேலை தெரியும்? ஹோஸைக் கோணலா மாட்டி வெச்சிருந்தார். ஒழுகுச்சு. பார்க்கப் போனார்."

"ஒழுகுச்சா?"

"நிக்கவே இல்ல. கத்துக்குட்டி மாட்டின மாதிரி இருந்தது."

"இருக்காது."

"நான் பார்த்தேன் தம்பி. கேவலமான வேலை!"

அந்த இடத்தில் அவன் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். கேஸ் முடிந்திருக்கும்.

ஆனால்... பதினெட்டு வருஷத்தில் அவன் மாட்டிய ஒரு ஹோஸ்கூட ஒழுகியதில்லையே!

"என்ன அண்ணி உளர்றீங்க? புது வாஷர் போட்டு, நட்டை என் கையால முறுக்கியிருக்கேன்! எப்படி ஒழுகும்?"

இன்ஸ்பெக்டரின் பேனா நின்றது.

"எப்போ?"

"என்ன... எப்போ?"

"பத்து நாளா இந்தப் பக்கமே வராத ஆள், எப்பய்யா வந்து முறுக்கின?"

கொழுந்தன் ஓர் அடி பின்வாங்கினான்.

"ஒரு சொட்டுகூட ஒழுகலை சார்," என்றாள் அவள். "அவர் அடியில போகக் காரணமே இல்ல. போன் பண்ணி இவன்தான் அனுப்பியிருக்கான்."

இன்ஸ்பெக்டர் குனிந்து ஜாக்கியைத் தொட்டார். விரல் பிசுபிசுத்தது.

"உள்ள ஆயில் சீல் போயிருக்கு. எப்ப வேணா உட்காரும். இதையா அண்ணனுக்குக் கொடுத்த? இங்க அலமாரித் தூசியில ரெண்டு ஸ்டாண்ட் இருந்த தடம் இருக்கு... உன் பட்டறைல தேடட்டுமா?"

அவன் சுவரோடு சரிந்து உட்கார்ந்தான்.

"ஒரு ஆளை அடிச்சுக் கொன்னுட்டு வந்த வண்டிக்கு ராவோட ராவா தடயம் தெரியாம டிங்கரிங் பண்ணிக் கொடுத்தேன் சார். அண்ணனுக்குத் தெரிஞ்சுபோச்சு. நாளைக்குள்ள நீயே ஸ்டேஷனுக்குப் போ, இல்லேன்னா நான் போறேன்னான்..."

"நீ காலைல வந்ததை அவர் ஏன் இவங்ககிட்ட மறைச்சார்?"

"நீயே மாத்தினதா அண்ணிகிட்ட சொல்லுடா, அசந்துடுவாங்கன்னேன். சிரிச்சான்."

மதியம் அவர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நின்றது அவளுக்கு ஞாபகம் வந்தது. புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள்.

"ஆனா திருப்பினது நீங்கதான் அண்ணி!" கொழுந்தன் கத்தினான். "என் கை இங்க இல்லவே இல்ல!"

'பளார்!'

இன்ஸ்பெக்டரின் கை இருந்தது.

"அம்மா, ஸ்டீயரிங்கை யார் பிடிச்சிருந்தாலும் அது விழுந்திருக்கும். கொன்னது நீங்க இல்ல."

"தெரியுது சார்..." அவள் தன் விரல்களைப் பார்த்தாள். "இந்தக் கைக்குத்தான் தெரிய மாட்டேங்குது."

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டார்.

வெளியே கான்ஸ்டபிள் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"சார், ஜீப் ஸ்டார்ட் ஆகலை. கூடவே மெக்கானிக் இருக்கானே... என்னன்னு கேட்கட்டுமா?"

"வேண்டாம்யா. தள்ளிக்கிட்டே போயிடலாம். இவன் யோசனையைக் கேட்டா, நம்மள்ல ஒருத்தர் அடியில போக வேண்டியிருக்கும்!"