மூன்று கால் மரம்

மரம் அறுக்கும் மெஷினின் சத்தம் காலையிலிருந்து ஓயவில்லை. நியெவெஸின் அப்பா எவுசேபியோ ஜன்னலைச் சாத்தினார். கூடவே வாயையும் சாத்திக்கொண்டார். ஆலிவ் எண்ணெய் ஊற்றிய ரொட்டி தட்டில் அப்படியே கிடந்தது.

குன்றின் மேல் இருந்த அவர்களுடைய ஆலிவ் தோப்பு போகிறது. அங்கே சூரிய மின்சாரப் பலகைகள் வரப்போகின்றன. அந்த வேலைக்கு அரசாங்கம் சலுகைகளை அள்ளிக் கொடுத்தது. நல்ல குத்தகை கிடைக்கிறதென்று பக்கத்துத் தோப்புக்காரர்கள் நிலத்தைக் கொடுத்துவிட்டார்கள். அப்பா மட்டும் மாட்டேன் என்றார். 'பொதுப் பயன்' என்று சொல்லி அரசாங்கமே அவர் தோப்பை எடுத்து மின்சாரக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டது.

"பொதுப் பயன்னா என்னப்பா?" என்று நியெவெஸ் காலையில் கேட்டிருந்தாள்.

"எல்லாருக்கும் பயன்படுறது."

"அந்த எல்லாருல நாம இல்லையா?"

அதற்குப் பிறகுதான் அப்பா பேச்சை நிறுத்தினார். காபிக் கடையில் அவர் வாயை யாராலும் அடக்க முடியாது. அப்படிப்பட்டவர் இப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்க்க நியெவெஸுக்குப் பயமாக இருந்தது.

அவள் குன்றுக்கு ஓடினாள்.

"ஏய் பாப்பா, தள்ளி நில்லு! மரம் விழுது!" என்று மெஷின்காரர் கத்தினார்.

"பொதுப் பயனுக்குத்தானே அண்ணே வெட்டுறீங்க?"

"அப்படித்தான் சொல்றாங்க."

"நானும் பொதுதான். எனக்கு மூணு குச்சி வெட்டிக் குடுங்க."

அவர் சிரித்தார். விழுந்து கிடந்த மரத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "எங்கப்பாவும் ஆலிவ்காரர்தான் கண்ணு," என்று சொல்லி, நல்ல கிளைகளாகப் பார்த்து நறுக்கிக் கொடுத்தார்.

அந்த ஊரில் ஆலிவ் மரத்துக்கு மூன்று கால். ஒரே குழியில் மூன்று குச்சி நட்டு, ஒரே மரமாக வளர்ப்பார்கள். அது நியெவெஸுக்கும் நன்றாகத் தெரியும். ஆனாலும் வீட்டுக் கொல்லையில் குழி தோண்டி, ஒன்றை மட்டும் நட்டாள். மற்ற இரண்டையும் கோழிக்கூண்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள்.

"அப்பா! நான் ஆலிவ் மரம் நட்டுட்டேன்!"

ஜன்னல் திறந்தது.

"என்னடி இது? ஒத்தக் கால்ல மரம் நிக்குமா? எவுசேபியோ மகள்னு வெளிய சொல்லிடாத, சிரிப்பாங்க!"

"அப்போ எத்தனை நடணும்?"

"மூணு! குழியும் பத்தாது, தள்ளு!"

செருப்புகூடப் போடாமல் வந்து மண்ணைத் தோண்டினார். குன்றின் மேல் இன்னொரு மரம் சாய்ந்த சத்தம் கேட்டது. கைகள் மண்ணிலேயே நின்றன. அப்பா குலுங்கிக் குலுங்கி அழுதார். நியெவெஸும் அவர் முதுகைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"இது எப்பப்பா காய்க்கும்?"

"அதுக்குள்ள நீ வளர்ந்து பெரியவளாயிடுவ."

அவள் எழுந்துபோய் மற்ற இரண்டு குச்சிகளையும் கொண்டுவந்து நீட்டினாள். அப்பா குச்சிகளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"அடி திருடி!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். "போ, அந்த ரொட்டியை எடுத்துட்டு வா. பசிக்குது."