கருஞ்சிறகியின் முகமூடிக்கு அடியில்

பால்மாற்றிக்குள் எந்தப் பழைய கதையைப் போட்டாலும் ஆண் பெண்ணாகி, பெண் ஆணாகி, அரை மணியில் படமாக வெளியே வந்துவிடும். படநிலையத்தில் வேலை பார்க்கும் எழிலரசி முதலில் போட்டது கருஞ்சிறகன் கதைகளை. முகமூடியோடு குதிரையில் வந்து ஏழைகளைக் காப்பாற்றும் அந்த ஆள், அவளுடைய அப்பா காலத்திலிருந்தே ஊருக்குச் செல்லப்பிள்ளை. வெளியே வந்தவள் கருஞ்சிறகி. அதே குதிரை, அதே வாள், அதே திமிர். எழில் பூரித்துப் போனாள்.

அந்தப் பூரிப்பு ஒரு வாரம்கூட நிற்கவில்லை.

எல்லாரும் கண்ணில் மாட்டிக்கொண்டு திரிகிற கண்வில்லை, பார்ப்பவன் எதைப் பார்க்க ஆசைப்படுகிறான் என்று பால்மாற்றிக்குச் சொல்லிவிடும். அதன்படி படம் மாறும். கருஞ்சிறகனின் முகமூடியைக் கழற்ற வேண்டுமென்று எவனும் ஆசைப்பட்டதில்லை. அவன் யாரென்று தெரியாததில்தானே சுவாரசியமே! கருஞ்சிறகி வந்தாளோ இல்லையோ, ஏழைகள் எக்கேடு கெட்டால் என்ன, முகமூடியைப் பிடுங்கு, மூஞ்சியைக் காட்டு என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். சீ!

"ஜனங்க கேக்கறாங்கம்மா, குடுத்துட்டுப் போவோமே," என்றார் நிலையத்தின் முதலாளி தணிகாசலம்.

"அவளா கழட்டினா சரி சார். எவளோ பிடுங்கறதா? அப்புறம் அவ என்ன வீராங்கனை?"

"ஒரு நிமிஷம் மூஞ்சி தெரிஞ்சா என்ன குறைஞ்சா போயிடுவா?"

மூஞ்சிக்கு எங்கே போவது? அதற்கும் பால்மாற்றியிடம் வழி இருந்தது. நாள் முழுக்கப் பார்ப்பவனின் கண் எந்தப் பெண்ணின் முகத்தில் அதிகம் தங்கியதோ, அதைக் கண்வில்லை குறித்து வைத்திருக்கும். அந்த முகத்தையே எடுத்து முகமூடிக்கு அடியில் ஒட்டிவிடும். அவரவர் ஆசைக்கு அவரவருக்கு ஒரு மூஞ்சி. என்ன கருமமோ! எழில் முடியவே முடியாது என்றாள். அவள் பேச்சை யார் கேட்டார்கள்?

மறுநாளே நிலையத்து ஆண்கள் பத்துப் பேரை ஆளுக்கொரு திரை முன்னால் உட்கார வைத்து வெள்ளோட்டம் விட்டார்கள். வில்லி பாய்ந்து முகமூடியைப் பிடுங்கினாள். இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் கோபாலின் திரையில் தெரிந்தது கணக்குப் பிரிவு சீதாலட்சுமி. அவளுடைய புருஷன் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தான். இன்னொருவன் திரையில் தணிகாசலத்தின் மகள் மதுவந்தி. வக்கீலாக இருக்கிற அவள் அப்பாவைப் பார்க்க எப்போதாவது வந்து போவாள், அவ்வளவுதான்.

தணிகாசலம் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. "நிறுத்துடா! எவன்டா அவன்?"

அப்பாடா, தொலைந்தது பீடை என்று எழில் மூச்சு விட்டாள். மகள் முகத்தைப் பார்த்த பிறகு எந்த அப்பன் இதை ஊருக்கு விடுவான்?

"கோபால், என் பொண்ணு மூஞ்சியை மட்டும் எடுத்துடு," என்றார் தணிகாசலம். "எங்க வீட்டம்மாவையும்."

உடனே ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள். என் பெண்டாட்டி, என் தங்கச்சி, என் மச்சினி, என் மருமகள். சீதாலட்சுமியின் புருஷன் கோபாலை அடிக்கவே போனான், பிறகு அவனும் தன் பெண்டாட்டி பேரைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தான். இந்த அசிங்கமே வேண்டாம் என்று ஒருத்தன், ஒரே ஒருத்தன் சொல்லக்கூடாதா? வெட்கங்கெட்ட ஜென்மங்கள். அவனவன் வீட்டுக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு மறுபடி திரைக்குத் திரும்பினான்.

படம் மீண்டும் ஓடியது. வில்லி பாய்ந்தாள், முகமூடி கழன்றது.

பத்துத் திரையிலும் எழிலரசி.

அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். கூடப்பிறந்தவர்கள் கிடையாது. நிலையத்துப் பெண்களில் யாரும் பேர் சொல்லாமல் விட்டுப்போனது அவளை மட்டும்தான்.

"என் மூஞ்சியையும் எடு கோபால்."

"பார்க்க உக்காந்தவங்க யாராச்சும் சொன்னாத்தான் எடுக்கும்க்கா," என்றான் அவன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அப்ப நீ சொல்லேன்டா. வாய் நிறைய அக்கான்னு கூப்பிடறியே!"

கோபால் இயந்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டான். மற்றவர்கள் அவரவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தணிகாசலம் மட்டும் நாற்காலியை நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்து, நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"தப்பா எடுத்துக்காதே எழில். உனக்குன்னு யாரும் கேக்கலையே. பேசாம ஊருக்கு விடற படத்துலயும் இந்த ஒரே மூஞ்சியையே வெச்சுடலாம். யார் வீட்டுலயும் சண்டை வராது."